மாதிரிக் கொலை வழக்கு: கொலையாளி யாருன்னு கடைசியில சொல்லணுமா, வேண்டாமா?

கரும்பலகை:
வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்கு அறிவியல் நடத்துகிறேன். போன மாதம் வகுப்பில் ஒரு மாதிரிக் கொலை வழக்கு வைத்தேன். ஆய்வக மூலையில் துணிப்பொம்மை உடல். பக்கத்தில் கண்ணாடி டம்ளர், பாதி கிழிந்த கடிதம், தரையில் ஷூ தடம், சுவரில் ஒட்டிய தாளில் செயற்கை இரத்தத் தெறிப்பு, கறை படிந்த ஒரு சட்டை. சந்தேக நபர்கள் நாலு பேர்: தொழில் பங்காளி, கணக்காளர், இரவுக் காவலாளி, இறந்தவரின் தங்கை மகன். ஆளுக்கு ஒரு பக்க வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஐந்து குழுக்கள், ஆறு பாடவேளை.

பிள்ளைகள் இவ்வளவு ஆர்வமாக ஆய்வகத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அதில் குறை சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில். வாக்குமூலங்களைப் படித்த பத்தாவது நிமிடமே ஐந்து குழுவும் பங்காளிதான் என்று முடிவு கட்டிவிட்டன. பணத்தகராறு இருக்கிறதாம், மிரட்டிப் பேசியிருக்கிறாராம். கைரேகைப் பொடி டப்பாவை அப்போது யாரும் தொடக்கூட இல்லை. அதற்கப்புறம் செய்த சோதனை எல்லாமே பங்காளி பக்கமாகவே சாய்ந்தது. டம்ளரில் இருந்தது கணக்காளராக நடித்த சக ஆசிரியரின் வலது கட்டைவிரல். நாலு குழுக்கள் அதைப் பங்காளியுடையது என்று எழுதின. கொஞ்சம் இழுபட்டுக் கலங்கிய ரேகைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் ஒன்று கண்ணி (கோடுகள் வளைந்து வந்த பக்கமே திரும்பும் வகை), மற்றது சுழி (வட்டமாகச் சுற்றும் வகை)!

கடைசி நாள், விடை இருந்த உறையை நான் திறக்கவில்லை. "நிஜத்தில் உறை கிடையாது" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே கொதித்துவிட்டது. ஒரு வாரமாக யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்த பிரிவுக்கு இதே வழக்கை வைக்கப் போகிறேன். உறையைத் திறப்பதா வேண்டாமா? வேறு எதையெல்லாம் மாற்றலாம்?

(ஒரு குழு சட்டையிலிருந்து நான் வைக்கவே வைக்காத பச்சை நூலிழை ஒன்றை எடுத்து, அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தது. அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். இது சும்மா தகவலுக்கு.)

சந்தேகப்பிராணி:
திறந்திருக்கணும் சார். ஆறு பாடவேளை உழைச்சவனுக்கு விடை சொல்லாம அனுப்பறது, பரீட்சை வச்சிட்டு தாளைத் திருத்தித் தராத மாதிரி.

பழைய_ஆய்வகம்:
தடய அறிவியல் ஆய்வகத்தில் 26 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். உறையை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: டம்ளரில் பொடி தூவிய பிள்ளையும் வாக்குமூலம் படித்த பிள்ளையும் ஒரே ஆள்தானே?

கரும்பலகை:
ஆமாம் மேடம். எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கட்டும் என்றுதான் அப்படி வைத்தேன்.

பழைய_ஆய்வகம்:
அங்கேதான் கோளாறு.

பிள்ளைகளைத் திட்டாதீர்கள். 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் ஒரு பையில் கிடைத்த ரேகையை அமெரிக்காவின் எஃப்பிஐ நிபுணர்கள் ஓரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்றார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் சரிபார்த்தார், அவரும் ஆமாம் என்றார். ஸ்பெயின் போலீஸ் அது வேறொருவருடையது என்று காட்டிய பிறகுதான் ஆளை விட்டார்கள். முதலில் பார்த்தவரின் முடிவு தெரிந்த பிறகு, இரண்டாவது ஆளின் கண் தனியாகப் பார்ப்பதில்லை.

இதை வைத்தே ஒரு சோதனை நடந்தது. இட்டியல் டிரோர் என்ற ஆய்வாளரும் குழுவும் 2006-இல் வெளியிட்டது. ஐந்து கைரேகை நிபுணர்கள். அவரவர் சில வருடங்களுக்கு முன் "பொருந்துகிறது" என்று கையெழுத்துப் போட்ட அதே ரேகை ஜோடியை மறுபடி அவர்களிடமே கொடுத்து, "இதுதான் அந்த மாட்ரிட் தப்பு" என்று மட்டும் சொன்னார்கள். மூன்று பேர் "பொருந்தவில்லை" என்று மாற்றினார்கள். ஒருவர் "முடிவு சொல்ல முடியாது" என்றார். ஒரே ஒருவர்தான் பழைய முடிவிலேயே நின்றார். ரேகையில் ஒரு கோடு மாறவில்லை, காதில் விழுந்த கதைதான் மாறியது.

உங்கள் பிள்ளைகள் பதினாறு வயதில் செய்த தப்பு, தலை நரைத்தவர்களும் செய்த தப்பு.

அடுத்த முறை குழுவை இரண்டாகப் பிரியுங்கள். இடத்தைப் பார்ப்பவர்கள் வேறு, மேசையில் சோதனை செய்பவர்கள் வேறு. மேசைக்காரர்களுக்கு எண் மட்டும் போட்ட மூடிய காகித உறை போகட்டும். சந்தேக நபர்களின் ரேகை அட்டையைப் பார்க்கும் முன்பே, டம்ளர் ரேகையில் என்னென்ன தெரிகிறது என்று அவர்கள் மையால் எழுதிவிட வேண்டும். எங்கே கோடு பிரிகிறது, எங்கே முடிகிறது, எந்த இடம் கலங்கியிருக்கிறது, எல்லாம். அட்டையைப் பார்த்தபின் அதில் ஒரு எழுத்து திருத்தக்கூடாது. அட்டையைப் பார்த்த பிறகு தேடினால் தேடியது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

சந்தேகப்பிராணி:
இது சூப்பர் மேடம். ஆனா உறை?

பழைய_ஆய்வகம்:
பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணி 1940-களில் பொம்மை வீடுகள் செய்தார். குழந்தைகளுக்கு இல்லை, துப்பறியும் போலீஸ்காரர்களுக்கு. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் அறை, கட்டில், நாள்காட்டி, சுவரில் தெறிப்பு, செத்துக் கிடக்கும் பொம்மை. பயிற்சிக்கு வந்தவர்கள் 90 நிமிடத்தில் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். 18 பெட்டிகள் பால்டிமோரில் மாநிலத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் இருக்கின்றன, இன்னும் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. அதன் விடைகளை வெளியில் சொல்வதில்லை. கொலையாளியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக அவர் அதைச் செய்யவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது கண்ணைப் பழக்குவது.

சந்தேகப்பிராணி:
ரகசியமா வச்சிருக்காங்கன்னா விடைன்னு ஒண்ணு இருக்குன்னுதானே அர்த்தம் :)

அதோட, உங்க மாதிரி ஆய்வகங்களுக்கே திறன் சோதனை வருமே மேடம். விடை தெரிஞ்ச மாதிரிப்பொருளை அனுப்பி, நீங்க சரியா சொன்னீங்களா இல்லையான்னு பார்ப்பாங்களே. தப்புன்னு சொல்லாம விட்டா அடுத்த தடவையும் அதே தப்பைத்தானே செய்வீங்க? நாலு குழு கண்ணியைச் சுழின்னு எழுதினது அவங்களுக்கு இன்னும் தெரியாது. சார் கோபத்துல அதையும் சேர்த்து உறைக்குள்ள வச்சுப் பூட்டிட்டார்.

பழைய_ஆய்வகம்:
பாதி சரி. ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் இரண்டு உறை வையுங்கள். ஒன்றில் தயாரிப்புக் குறிப்பு: டம்ளர் ரேகை எந்த விரல், கறை எதனால் ஆனது, கடித மை எந்தப் பேனா, தெறிப்பு எந்த உயரத்திலிருந்து. அது பிள்ளைகளின் சொத்து, கடைசி நாள் கட்டாயம் திறக்க வேண்டும். இரண்டாவதில் கொலையாளி பெயர். அது உங்கள் கற்பனை. ஆய்வகத்தின் வேலை முதல் உறையோடு முடிகிறது. கணக்காளர் அந்த டம்ளரைத் தொட்டார், அவ்வளவுதான். எப்போது தொட்டார், ஏன் தொட்டார் என்று ரேகை சொல்லாது.

கரும்பலகை:
மேடம், இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

சாய்தளம்:
இயற்பியல்காரன் நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். தெறிப்பை எப்படிச் செய்தீர்கள் சார்? பெரும்பாலும் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரைத் தெளித்துவிடுகிறார்கள். அது இரத்தம் மாதிரி நடந்துகொள்ளாது. இரத்தத்தின் பாகுநிலை தண்ணீரைப்போல மூன்று நான்கு மடங்கு. எடையில் 40 சதவீதம் கிளிசரின், மீதி தண்ணீர், அதில் சாயம் என்று கலந்தால் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும்.

கணக்கு சுலபம். சாய்வாக வந்து விழுந்த துளி நீள்வட்டமாகப் பதியும். அகலத்தை நீளத்தால் வகுத்தால் மோதிய கோணத்தின் சைன் மதிப்பு. அகலம் 4 மி.மீ., நீளம் 8 மி.மீ. என்றால் 0.5, அதாவது 30 பாகை. திரிகோணமிதி எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

எல்லாரும் சறுக்குவது வாலில். துளியின் முனையில் ஊசி மாதிரி ஒரு வால் நீளும். அதையும் சேர்த்து அளந்தால் நீளம் கூடும், கோணம் குறையும். நீள்வட்டத்தை மட்டும் அளக்க வேண்டும். துளி எந்தப் பக்கம் போனது என்பதை மட்டும்தான் வால் காட்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு துளியிலிருந்தும் நூல் கட்டிப் பின்னோக்கி இழுத்து, எல்லாம் கூடும் இடத்தை "இங்கிருந்துதான் தெறித்தது" என்று காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நூல் நேர்கோடு, துளி போனதோ புவியீர்ப்பில் வளைந்த பாதை. அதனால் நூல் காட்டும் உயரம் நிஜ உயரத்தைவிடக் கூடுதலாகத்தான் வரும். என் வகுப்பில் முதலில் நூல் கட்டச் சொல்லி, பிறகு நான் தெளித்த நிஜ உயரத்தைச் சொல்வேன். அந்த வித்தியாசத்தைப் பார்த்து ஒரு பெண் "அப்ப நூலை நம்பினா உட்கார்ந்தவரை நின்னவர்னு சொல்லிடுவோமா சார்?" என்றாள். அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது, மேலே நடத்த ஒன்றுமில்லை.

சோதனைக்குழாய்:
சட்டைக் கறைக்கு என்ன சோதனை செய்தீங்க கரும்பலகை? காஸில்-மேயர்தானே?

கரும்பலகை:
ஆமாம். இளஞ்சிவப்பு வந்தது, "இரத்தம் உறுதி" என்று எழுதிவிட்டார்கள்.

சோதனைக்குழாய்:
"உறுதி" என்ற சொல்லுக்கே அங்க இடமில்லை. அது முதல்நிலைச் சோதனை. ஹீமோகுளோபின் பெராக்சைடை உடைக்க, அதில் நிறமில்லாத வினைப்பொருள் பீனால்ப்தலீனா மாறி நிறம் காட்டும். அதே வேலையைச் சில காய்கறிகளின் பெராக்சிடேஸ் நொதியும் செய்யும். குதிரைமுள்ளங்கி இதில் பேர்போனது. தாமிர உப்பும் ஏமாத்தும்.

வரிசை ரொம்ப முக்கியம். கறையைப் பஞ்சுக்குச்சியில ஒத்தி எடுக்கணும், ஒரு சொட்டு ஆல்கஹால், ஒரு சொட்டு வினைப்பொருள், பிறகு கொஞ்சம் காத்திருக்கணும். இந்த இடத்திலேயே நிறம் வந்தா அது வேற ஏதோ ஆக்சிஜனேற்றி, சோதனை செல்லாது. வரலைன்னா பெராக்சைடு ஒரு சொட்டு. சில நொடிக்குள்ள நிறம் வந்தா மட்டும் எழுதணும். அரை நிமிடம் கழிச்சு வர்ற நிறத்தை எண்ணிக்கையில சேர்க்கக்கூடாது, காற்றுப் பட்டே தானா சிவக்கும். பிள்ளைகள் வினைப்பொருளையும் பெராக்சைடையும் சேர்த்து ஊத்திட்டு "வந்திருச்சு!"ன்னு கத்துவாங்க. நானே கத்தியிருக்கேன்.

என் யோசனை: ரெண்டு சட்டை வைங்க. ஒண்ணுல விலங்கு இரத்தம், இன்னொண்ணுல பெராக்சிடேஸ் உள்ள காய்ச்சாறும் பழுப்புச் சாயமும். ரெண்டும் சிவக்கும். அப்ப முகத்தைப் பாருங்க. மனித இரத்தம் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். வினைப்பொருளை நீங்களே முன்கூட்டித் தயாரிச்சிடுங்க, காரத்தைத் துத்தநாகத்தோட கொதிக்க வைக்கிற வேலை மாணவர் கையில போகக்கூடாது.

சந்தேகப்பிராணி:
லூமினால் போட்டா இந்தத் தொல்லை இல்லையே? நீலமா ஒளிரும்.

சோதனைக்குழாய்:
அதுவும் அதே குடும்பம்தான். பிளீச் போட்டுத் துடைச்ச தரையில அடிச்சுப் பாருங்க, தரை முழுக்க கொலை நடந்த மாதிரி ஒளிரும். அறையையும் இருட்டாக்கணும், ஒளியும் கொஞ்ச நேரம்தான். படத்துல காட்டறதுக்குத்தான் அது அழகு.

பழைய_ஆய்வகம்:
சோதனைக்குழாய் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: வெற்றுப் பஞ்சுக்குச்சி. கறையே படாத ஒரு குச்சியிலும் அதே சோதனையைச் செய்து "ஒன்றும் வரவில்லை" என்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இது வீண்வேலையாகத் தெரியும். அவர்களுக்கு ஜெர்மனியின் ஹைல்பிரோன் கதையைச் சொல்லுங்கள்.

2007-இல் அந்த ஊரில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று ஏறக்குறைய 40 குற்ற இடங்களில் கிடைத்ததோடு ஒத்துப்போனது. கொலை, திருட்டு, எல்லாவற்றிலும் அதே பெண். முகமில்லாத அந்தப் பெண்ணைத் தேடாத இடமில்லை. 2009-இல் தெரிந்தது: டிஎன்ஏ எடுத்த பஞ்சுக்குச்சிகள் தயாரிக்கும் இடத்திலேயே கலப்பு நடந்திருக்கிறது. அந்த டிஎன்ஏ அங்கே வேலை பார்த்த பெண்ணுடையது. குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதான், ஆனால் கிருமி செத்தால் டிஎன்ஏ போய்விடுமா?

இதைச் சொன்ன பிறகு வெற்றுக் குச்சியை யாரும் தவிர்த்து நான் பார்த்ததில்லை.

சந்தேகப்பிராணி:
இறந்த நேரம் கண்டுபிடிக்கிறதை ஏன் யாரும் சொல்லலை? உடல் வெப்பம் மணிக்கு ஒன்றரை பாரன்ஹீட் குறையும், வகுத்தா முடிஞ்சது.

சாய்தளம்:
முடியாது :) உடல் உடனே குளிரத் தொடங்காது, ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் வெப்பம் அப்படியே நிற்கும். உடை, பருமன், காற்று, தரை எல்லாம் கணக்கில் வரும். வகுப்பில் இரண்டு பாட்டில் வெந்நீர், இரண்டு வெப்பமானி. ஒன்றைத் துணியால் சுற்றி, இன்னொன்றை மின்விசிறி முன் வையுங்கள். அரைமணி கழித்து இரண்டுக்கும் உங்கள் ஒன்றரையை வைத்து வகுத்துப் பாருங்கள், இரண்டு "இறந்த நேரம்" வரும்.

பழைய_ஆய்வகம்:
எடை, சூழல் வெப்பம் எல்லாம் சேர்த்துக் கணிக்கும் ஹென்ஸ்கே வரைபடம் கூட, நல்ல சூழ்நிலையிலேயே கூட்டியோ குறைத்தோ 2.8 மணி நேரம் என்று இடைவெளி கொடுக்கும். "இரவு 9.40-க்கு இறந்தார்" என்று எந்தப் பிள்ளையாவது எழுதினால் சிவப்பு மையை எடுங்கள்.

குறுக்கு_விசாரணை:
வழக்கறிஞர். இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது என் முறை.

ஆறு பாடவேளையில் கடைசி இரண்டை எங்களுக்குக் கொடுங்கள். மாணவரைக் கூண்டில் ஏற்றுங்கள். இன்னொரு குழு கேள்வி கேட்கட்டும். முதல் கேள்வி சோதனையைப் பற்றியே இருக்காது. "இந்தச் சட்டை உங்கள் கைக்கு யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு வந்தது? உறையில் யார் கையெழுத்து? பிற்பகல் முழுக்க அது எங்கே இருந்தது?" பதில் இல்லையென்றால் மீதி அறிக்கையைப் படிக்கவே தேவையில்லை. ஈரச்சட்டையை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பூஞ்சை பிடிக்க விட்ட குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். காய வைத்துக் காகிதப் பையில் போட வேண்டும் என்று அன்றைக்குக் கற்றவர்கள் பிறகு மறக்கவில்லை.

அடுத்தது சொல். "கடிதத்தின் மை பங்காளியின் பேனா மையோடு ஒத்துப்போகிறது" என்று எழுதலாம். "பங்காளியின் பேனாவால் எழுதப்பட்டது" என்று எழுதக்கூடாது. நான் ஒரு பள்ளியில் விருந்தினராகப் போனபோது, வண்ணப் பிரிகையில் (மையை அதன் நிறங்களாகப் பிரித்துக் காட்டும் சோதனை) பட்டைகள் அப்படியே ஒத்துப்போகின்றன என்று ஒரு குழு துள்ளியது. வகுப்பில் இருந்த எல்லாருடைய பேனாவையும் வாங்கி அதே சோதனை செய்யச் சொன்னேன். பாதிக்கு மேல் அதே பட்டைகள். "இப்போது வகுப்பில் பாதிப்பேரைக் கைது செய்யலாமா?" என்றேன்.

டிஎன்ஏ என்று வந்தாலும் கதை அதுதான். ஒரு அடையாளம் பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சந்தேக நபருக்கும் இருக்கிறது. உடனே "இவர் நிரபராதியாக இருக்கப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான்" என்பார்கள். தப்பு. பத்து லட்சம் பேர் உள்ள ஊரில் அந்த அடையாளம் உள்ளவர்கள் சுமார் நூறு பேர். வேறு சாட்சியமே இல்லையென்றால் அவர் அந்த நூறில் ஒருவர், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் படித்த பெரிய மனிதர்களும் வழுக்கி விழுந்ததை நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன்.

விலக்குவதில்தான் தடயத்துக்கு முழு பலம். டிஎன்ஏவைக் குற்ற வழக்கில் முதன்முதலாகப் பயன்படுத்திய இங்கிலாந்து வழக்கில் நடந்ததும் அதுதான். இரண்டு சிறுமிகள் கொலையில் ஒன்றை நான்தான் செய்தேன் என்று ஒரு இளைஞன் ஒப்புக்கொண்டிருந்தான். மரபணு விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸ் செய்த டிஎன்ஏ சோதனை, அவன் இல்லை என்று காட்டியது. உண்மைக் குற்றவாளிக்கு 1988-இல் தண்டனை கிடைத்தது, ஆனால் அந்தச் சோதனை முதலில் செய்த வேலை ஒருவனை வெளியே விட்டது.

அல்லி:
பேச்சு நன்றாகப் போகிறது, கொஞ்சம் தடுக்கிறேன். நான் பள்ளி ஆலோசகர். இப்படி ஒரு வகுப்பில் சுவரில் சிவப்பைப் பார்த்ததும் ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். வீட்டில் நடந்தது ஆசிரியருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. முந்தின வாரமே என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்காமல் விலக வழி வையுங்கள். விலகுகிற பிள்ளைக்கு மேசைச் சோதனை கொடுக்கலாம், அங்கே எண் போட்ட உறைதான் இருக்கும், பிணம் இருக்காது. கொலையே வேண்டும் என்றும் இல்லை. கள்ளக் கையெழுத்து, திருட்டு, தீ வைப்பு இதிலும் இதே பாடம் அத்தனையும் இருக்கிறது.

சோதனைக்குழாய்:
அல்லி சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க: பிள்ளைகளோட சொந்த டிஎன்ஏ, சொந்த இரத்த வகை வேண்டவே வேண்டாம். அப்பா அம்மா வகையோட ஒத்துப்போகலைன்னு ஒரு பிள்ளை வகுப்பில வச்சுக் கண்டுபிடிச்சா என்ன செய்வீங்க? டிஎன்ஏ துண்டுகளை ஜெல்லில் மின்சாரம் செலுத்திப் பிரிக்கிற முறையை, சாயங்களை வச்சே ஓட்டிக் காட்டலாம். கைரேகை அட்டையையும் முடிஞ்சதும் அவங்கவங்ககிட்டயே குடுத்துடுங்க.

மட்டுறுத்துநர்:
"படங்களில் காட்டும் தடயவியல் அபத்தங்கள்" பற்றிய 14 பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. அங்கே போய்ச் சண்டை போடவும்.

கடைசி_பெஞ்ச்:
சார், நீங்கதானா? இந்த இடத்தைப் பத்தி நீங்கதான் ஒருநாள் வகுப்பில சொன்னீங்க. பொம்மை, டம்ளர், பங்காளின்னு படிச்சதும் தெரிஞ்சுபோச்சு.

பச்சை நூல் எங்க குழுதான்.

கரும்பலகை:
அட. வா. பேர் எதுவும் போடாதே.

கடைசி_பெஞ்ச்:
சரி சார். ஆனா ஒண்ணு கேட்கணும். சட்டையோட காலர்ல அந்த நூல் இருந்துச்சு. நாலு சந்தேக நபர் துணி மாதிரியோடவும் மைக்ராஸ்கோப்ல ஒப்பிட்டோம், எதுவும் ஒத்துப்போகலை. அதனால "அந்த அறையில ஐந்தாவதா ஒருத்தர் இருந்திருக்கலாம்"னு எழுதினோம். நீங்க பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுட்டீங்க. அது தப்பா சார்?

பழைய_ஆய்வகம்:
தம்பி, உங்கள் சார் பதில் சொல்வதற்கு முன் நான் சொல்கிறேன். அந்த அறையில் இருந்த மற்ற எல்லாமே அவர் கொண்டுவந்து வைத்தவை. டம்ளர் நாடகம், கடிதம் நாடகம், தெறிப்பு கிளிசரினோ தண்ணீரோ. யாரும் வைக்காமல் தானாக வந்து ஒட்டியது அந்த நூல் ஒன்றுதான். 1910-இல் பிரான்சின் லியோன் நகரில் தடய ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லோகார்டு சொன்னதன் சாரம் இதுதான்: தொட்டவர் எதையாவது விட்டுவிட்டுப் போவார், எதையாவது எடுத்துக்கொண்டும் போவார். நீங்கள் கண்டுபிடித்தது அந்த அறையின் ஒரே நிஜத் தடயம்.

"ஐந்தாவது நபர்" என்று எழுதியது மட்டும் கொஞ்சம் நீளம். "கொடுக்கப்பட்ட நான்கு மாதிரிகளோடும் பொருந்தவில்லை, மூலம் தெரியவில்லை" என்று நிறுத்தியிருந்தால் என் ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கடைசி_பெஞ்ச்:
ஐயோ மேடம், நன்றி!! இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவுக்கு அனுப்பிட்டேன்.

சந்தேகப்பிராணி:
கரும்பலகை சார், மதிப்பெண்?

கரும்பலகை:
போட்டுவிட்டேன். நாளைக்கு வகுப்பில் சொல்கிறேன்.

(மூன்று வாரம் கழித்து)

கரும்பலகை:
இரண்டாவது பிரிவு முடிந்தது. கொலையை எடுத்துவிட்டு ஆய்வகத்தில் தீ வைப்பு என்று மாற்றலாமா என யோசித்தேன், கடைசியில் கொலையே இருந்தது. ஆனால் அல்லி சொன்னபடி முந்தின வாரமே சொல்லிவிட்டேன். இரண்டு பேர் மேசைக்கு மாறிக்கொண்டார்கள். ஏனென்று கேட்கவில்லை.

வாக்குமூலங்களை ஐந்தாவது பாடவேளை வரை பூட்டி வைத்தேன். அதற்குள் கதை கேட்டு நச்சரித்தார்கள். ரேகையில் ஐந்தில் மூன்று குழுக்கள் கட்டைவிரல் கணக்காளருடையதோடு பொருந்துகிறது என்றன. ஒரு குழு தெளிவில்லை, முடிவு சொல்ல முடியாது என்று எழுதியது. அவர்களுக்கும் முழு மதிப்பெண், ஏனென்றால் அவர்கள் எடுத்த நகல் நிஜமாகவே மோசமாக இருந்தது. மீதி ஒரு குழு இப்போதும் பங்காளி என்றது. கதை தெரியாமலேயே! அது வெறும் அவசரம் போல.

இரண்டு சட்டையும் சிவந்தபோது பெரிய களேபரம். ஒரு குழு வாலோடு சேர்த்து அளந்து, தெறிப்பு தரைமட்டத்துக்கும் கீழிருந்து வந்ததாகக் கணக்குப் போட்டது. சாய்தளம், அது எப்படி என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

குறுக்கு விசாரணைதான் எல்லாவற்றையும் விட நன்றாகப் போனது. "உறை எண் 6 மதியம் எங்கே இருந்தது?" என்று ஒரு பையன் கேட்டான், கூண்டில் இருந்தவன் "என் பையில்" என்றான், வகுப்பே சிரித்தது, அவன் மட்டும் சிரிக்கவில்லை.

முதல் உறையைத் திறந்தேன். இரண்டாவதைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். கை தூக்கி வாக்கெடுப்பு வைத்தார்கள், திறக்க வேண்டும் என்றே முடிவானது. திறந்தேன். "கணக்காளர்" என்று படித்ததும் ஒரு பெண், "இதுக்கு ஆதாரம் என்ன சார்?" என்றாள். என்னிடம் இல்லை.

சந்தேகப்பிராணி:
ஹாஹா. உறை விஷயத்துல நான் ஜெயிச்சேனா தோத்தேனா தெரியலை.

கடைசி_பெஞ்ச்:
சார், பச்சை நூல்?

கரும்பலகை:
அதை மறப்பேனா. என்னிடம் ஒரு பச்சை ஸ்வெட்டர் உண்டு. வழக்குக்குப் பொருள்களை அடுக்கிய அன்று அதைத்தான் போட்டிருந்தேன். நேற்று மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உங்கள் நூல் வழவழப்பான செயற்கை இழை, என்னுடையது செதில் செதிலாக இருக்கும் கம்பளி. நான் விலக்கப்பட்டேன்.

கடைசி_பெஞ்ச்:
அப்ப கணக்காளரா நடிச்ச சார்? அவரோட பை பச்சை.

பழைய_ஆய்வகம்:
தம்பி, பையைப் பார்க்கும் முன் நூலின் விவரத்தை எழுதி வைத்துவிட்டீர்களா?

கடைசி_பெஞ்ச்:
எழுதியாச்சு மேடம். மையால.